படம் தருவியா மனே?

ஆரையம்பதியில் கமரா பழகுகிறவனுக்கு வெளிச்சம்தான் முதல் வாத்தியார். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் மணலில் நீண்டு கிடக்கும் ஊர். விடியக் கடற்கரையில் நின்றுவிட்டு, சைக்கிளை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் வாவிக்கரைக்கு வந்துவிடலாம். காலை ஏழு மணிக்கு அங்கே சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிரே வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை முழுவதிலும் வெளிச்சம் விழுந்திருக்கும். தென்னை, வயல் வரம்பு, கரையில் கட்டிய தோணி எல்லாம் துலக்கமாகத் தெரியும். பின்னேரம் அதே இடத்தில் நின்றால் எல்லாம் தலைகீழ். வாவி பொன்னாகிவிடும், ஆட்கள் கரிய உருவங்களாகிவிடுவார்கள்.

அந்தக் கரிய உருவங்களோடுதான் எனக்கு நெடுங்காலம் மல்லுக்கட்டு.

சவூதியில் இருந்து வந்த மாமா கொண்டுவந்து தந்தது பாவித்த பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை செய்த கமரா. எல்லாவற்றையும் கையால்தான் திருகவேண்டும். கண்ணை வைத்துப் பார்த்தால் வலப்பக்கத்தில் ஒரு சின்ன ஊசி ஆடும். அது நடுவுக்கு வந்தால் வெளிச்சம் சரி. எங்கள் வாவியில் அந்த ஊசியை நம்ப முடியாது. தண்ணீரின் பளபளப்பைப் பார்த்து, வெளிச்சம் கூடிப்போச்சு, குறை என்று அது சொல்லும். குறைத்தால் வாவி அழகாக வரும், தோணியில் நிற்கிறவரின் முகம் வராது. பல்லும் சாரமும் மட்டும் தெரியும். படத்தை வாங்கிப் பார்த்த ஒரு மீன்பிடிகாரர், “தோணி நல்லா வந்திருக்கு தம்பி, நான் எங்க?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு தண்ணீரை அளக்காமல், என் சொந்தக் கையை நீட்டி அதை அளந்து வைத்துக்கொண்டு, முகங்களுக்கு இரண்டு படி வெளிச்சம் கூட்டிக் கொடுக்கத் தொடங்கினேன். வாவி வெளுத்துப் போனால் போகட்டும். முகம் வரவேண்டும்.

குற்றம் ஊசியில் மட்டும் இல்லை என்று பிற்காலத்தில் படித்தேன். வண்ணப்படம் கழுவும் கடைகளுக்குக் கொடாக் கொம்பனி ஒரு மாதிரிப் படம் அனுப்பி வைக்கும். அதில் இருப்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதற்கு நின்றவர் அந்தக் கொம்பனியில் வேலைசெய்த ஷேர்லி என்பவர் என்பதால், பின்னால் வந்த படங்களுக்கும் ஷேர்லி அட்டை என்றே பெயர். அந்தத் தோலின் நிறம் சரியாக வந்தால் மெசின் சரி. வெவ்வேறு நிறத்தவர்களைச் சேர்த்து நிறுத்திய அட்டை 1990களில்தான் வந்தது. அதுவரை உலகத்தின் பெரும்பகுதி முகங்களை அந்த ஒரு முகத்தைக் கொண்டே அளந்திருக்கிறார்கள். வெயிலில் கறுத்த எங்கள் ஆட்களின் முகங்களைக் கண்ணும் மூக்கும் தெரிய அச்சில் கொண்டுவருவதற்குள் எத்தனை பேரோடு வாதாட வேண்டியிருந்தது என்பதை நினைக்க இப்போதும் கோபம் வரும்.

ஆசிரியர் நியமனம் எனக்குப் படுவான்கரையில் கிடைத்தது. மண்முனைத் துறையில் ‘பாதை’ ஏறி அக்கரைக்குப் போகவேண்டும். பாலம் வரமுன்னர் எங்களுக்கு அந்த மிதவைதான் தெரு. சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல்மூட்டை, தயிர்முட்டி, விறகுக்கட்டு, பாடசாலைப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர்கள் எல்லாம் அதில்தான். யுத்த காலத்தில் இந்தக் கரையில் இராணுவத்தின் சோதனைச் சாவடி, எங்கள் வாயில் ‘சென்றி’. அந்தக் கரையில் புலிகளின் காவல். இரண்டு இடத்திலும் பையைத் திறந்து காட்டவேண்டும். கமராவைக் கண்டதும் இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான்: “இது எதுக்கு?”

‘பிள்ளைகளைப் படம் எடுக்க’ என்பதுதான் என் பதில். அது உண்மை. ஆனால் உண்மை என்பதற்காக யாரும் உடனே விட்டுவிடுவதில்லை. பற்றறி என்றாலே சந்தேகமாகப் பார்த்த காலம். அந்தக் கமராவில் பற்றறி ஊசியை ஆட்டுவதற்கு மட்டும்தான். கழற்றிவிட்டாலும் படம் எடுக்கும். ஆகவே சட்டைப்பொத்தான் அளவுப் பற்றறியை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெளிச்சத்தை மனக்கணக்கில் போடப் பழகினேன். நூறு வேகப் பிலிம், நல்ல வெயில் என்றால் துளை பதினாறு, வேகம் நூற்றியிருபத்தைந்து. முகத்தில் நிழல் என்றால் துளை எட்டு. மாரி மேகம் என்றால் அதற்கும் கீழே. உலகத்தில் பழைய படக்காரர்கள் எல்லாரும் கையாண்ட கணக்குத்தான். எங்களுக்கு அதைச் சென்றி படிப்பித்துத் தந்தது.

எடுக்கக் கூடாதவை எவை என்று யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்: முகாம், பாலம், சாவடி, சீருடை, மண்மூட்டை, துறை. கல்லடிப் பாலத்தை நான் சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலம். தேசாதிபதி மனிங்கின் மனைவி பெயரைத் தாங்கியது. எத்தனை வருடம் அதன் மேலால் போய் வந்தும், யுத்தம் முடியும்வரை அதன் ஒரு படம் என்னிடம் இல்லை. வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் எடுத்துப் புத்தகத்தில் போட்டிருந்தார்கள். ஊரில் பிறந்தவனுக்கு அது கிடையாது. இந்த ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மீன்பிடிகாரர் ஒருவர் என்னைத் தடுத்தார். கிரான்குளத்துப் பக்கம், தோணியை இழுத்துக் கரையில் போடுகிற நேரம். நான் கமராவை உயர்த்தினதும் கையைக் காட்டி மறித்து, “இது ஆரிட கையில போய்ச் சேரும் தம்பி?” என்று கேட்டார். அவருக்குத் தன் முகத்தைப் பற்றிக் கவலை இல்லை. பின்னால் தெரியும் கரையைப் பற்றித்தான் கவலை. அந்தப் படத்தை யார் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு எந்த இரவில் அங்கே வருவார்கள் என்ற கணக்கு அவருக்குள் ஓடியது. கமராவை மூடிவிட்டு அவரோடு இருந்து தேத்தண்ணி குடித்தேன். அன்றைக்கு அந்தத் தோணியில் கிடந்த இறாலின் நிறத்தை இப்போதும் சொல்வேன், படம் இல்லை.

பாதையில் காத்து நிற்கிற நேரத்தில்தான் என் நல்ல படங்கள் வந்தன. அவசரம் இல்லாத கூட்டம். கமரா தோளில் தொங்கினால் முதலில் பிள்ளைகள் வருவார்கள். ஒரு கொக்கு தோணியின் அணியத்தில் வந்து இருக்கும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு குவியத்தைத் திருகுவேன். திடீரென்று லென்ஸுக்கு முன்னால் நாலு தலை முளைக்கும். “சேர், என்னை! சேர், என்னை!” கொக்கு போய்விடும். றோலில் முப்பத்தாறு படம். ஆசிரியச் சம்பளத்தில் றோலும் வாங்கி, கழுவவும் கொடுத்து, அச்சும் போடுகிறவனுக்கு ஒவ்வொரு சொடுக்கும் காசு. எரிச்சல் வராமல் இருக்குமா? வந்தது. ஆனாலும் எடுத்தேன். ஒரு பிள்ளையின் முகத்துக்கு முன்னால் ‘பிலிம் முடிஞ்சுபோச்சு’ என்று பொய் சொல்ல வாய் வரவில்லை.

பிள்ளைகளுக்குப் பிறகு பெரியவர்கள். தயிர்முட்டிகளைச் சணல் உறியில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கிழவி. அவ கேட்ட முறை வேறு. சீலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, முட்டியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, “என்னயும் ஒண்டு எடன் மனே” என்றா. எடுத்தேன். கமரா கீழே இறங்க முன்னமே அடுத்த கேள்வி: “படம் தருவியா மனே?”

அந்தக் கேள்வியில்தான் என் முழு வித்தையும் மாட்டிக்கொண்டது என்று சொல்லவேண்டும். விசாரித்துப் பார்த்தால் அவவுக்கு வாழ்நாளில் இருந்த ஒரே படம் அடையாள அட்டைக்கு எடுத்தது. 1972இல் இருந்து இந்த நாட்டில் எல்லாருக்கும் அந்த அட்டை. காதிரண்டும் தெரிய, சிரிக்காமல், சுவருக்கு முன்னால் இருத்தி எடுத்த கறுப்புவெள்ளை முகம். சென்றியில் நீட்டி நீட்டி மூலை தேய்ந்த முகம். மகிழடித்தீவுப் பக்கத்து வீடுகளுக்குப் போனபோது அதே முகங்களைச் சுவரில் கண்டேன். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் அங்கே நடந்த கொலைகள் ஊருக்குத் தெரியும். மாலை போட்டிருந்த படங்கள் பல அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தவை. பெருப்பித்ததில் முத்திரையின் வளைவுகூடத் தோளில் விழுந்து கிடந்தது. ஒரு மனிதர் வயலில் நின்றதும் கல்யாண வீட்டில் சிரித்ததும் எங்கும் பதிவாகாமல், அரசாங்கம் கேட்டதால் எடுத்த முகம் மட்டும் மிஞ்சுவது எவ்வளவு பெரிய வறுமை!

ஆகவே கொடுக்கத் தொடங்கினேன். றோல் முடிந்ததும் நகரத்தில் கழுவக் கொடுத்து, ஆளுக்கு ஒரு பிரதி போட்டு, பின்புறத்தில் பெயரும் ஊரும் பென்சிலால் எழுதி, தபாலுறையில் போட்டு, பாதையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பெயர் தெரியாதவர்களின் படத்தைக் கூட்டத்தில் காட்டினால் போதும். “இது நம்மட பூசாரியார்ர மருமகன்” என்று நாலு பேர் சொல்லுவார்கள். படம் கைக்கு வந்ததும் அவர்கள் தங்கள் முகத்தை முதலில் பார்ப்பதில்லை என்பதைக் கவனித்தேன். பக்கத்தில் நிற்பது யார், பின்னால் யாருடைய சைக்கிள், பிள்ளையின் சட்டை எது என்று பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் தன்னைப் பார்ப்பார்கள். அந்த நேரத்து முகத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. எனக்குக் கிடைத்த முழுச் சந்தோசமும் அதுதான்.

தயிர்க் கிழவி படத்தை வாங்கி, சீலைத் தலைப்பால் துடைத்து, “நான் இப்படியா இருக்கன்?” என்று கேட்டா. பிறகு ஒரு முட்டி தயிரை என் சைக்கிளில் கட்டிவிட்டா. காசு வாங்கவில்லை.

கைமாறாத படங்களும் உண்டு. ஒருமுறை நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் முழு றோலும் வெளிச்சம் பட்டு வெறும் கறுப்பாக வந்தது. பிள்ளைகளின் இல்ல விளையாட்டுப் போட்டி அதில் இருந்தது. அஞ்சலோட்டத்தில் முதலாவது வந்தவன் திங்கட்கிழமை முழுக்க என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். சண்டை தொடங்கி, பாதை நின்று, குடும்பங்கள் இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது ஆட்கள் மாறியிருந்ததால் தங்கிப்போன உறைகளும் உண்டு. இலவசமாக எடுத்தாலும், வாக்குக் கொடுத்த பிறகு படம் கடன்தான்.

நம் பாடப்புத்தகத்தில் கோல்புறூக்-கமரன் ஆணைக்குழு வருகிறதே, அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரட் உலகப் புகழ்பெற்ற படக்காரி. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்துபோனார். இங்கிலாந்தில் கவிஞர்களையும் விஞ்ஞானிகளையும் எடுத்து அவரவர் பெயரோடு வைத்தவர். இலங்கையில் எடுத்ததில் இன்று தெரிந்தவை முப்பதுக்கும் குறைவு. ஈரக் கண்ணாடித் தகட்டில் மருந்து காயமுன் எடுத்துக் கழுவவேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். இந்த வெக்கையில் அது எத்தனை பாடு என்று எனக்கு விளங்கும். அவருடைய படங்களில் நம் நாட்டுத் தொழிலாளிகள், பெண்கள், பிள்ளைகள் அபாரமாக நிற்கிறார்கள். அவர்களில் அநேகருக்குப் பெயர் இல்லை. அதற்குப் பின் வந்த கொழும்பு ஸ்டூடியோக்களின் தபாலட்டைகளிலும் ‘தமிழ்ப் பெண்’ என்ற அளவில்தான். அந்தப் பெண்ணுக்கு ஒரு பிரதி கிடைத்திருக்குமா? கலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த முகங்களின் முன்னால் நான் நெடுநேரம் இருந்திருக்கிறேன். ஆனாலும் முதலில் கேட்கத் தோன்றுவது அதுதான்.

சுற்றுலாப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாடசாலைப் பிள்ளைகளோடு சிகிரியாவுக்கும் நுவரெலியாவுக்கும் போனோம். பஸ் யன்னலால் எடுத்த மலைகள் எல்லாம் யன்னல் கம்பியோடு வந்தன. வெளியூரில் எடுத்த என் படங்கள், அதே இடத்தில் நின்ற ஆயிரம் பேரின் படங்களைப் போலவே இருக்கின்றன.

வாவியில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வீச்சுவலை எறிகிறவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். வலை கையை விட்டு விரிந்து, முழு வட்டமாகி, தண்ணீரைத் தொடுவதற்கு முன் இருக்கும் அந்தக் கணம். கே1000இல் ஒரு எறிக்கு ஒரு படம்தான். அடுத்த படத்துக்குக் கையால் சுற்றவேண்டும். முந்தினால் வலை சுருண்டு இருக்கும், பிந்தினால் தண்ணீரில் வளையம் மட்டும். கண்ணால் வட்டத்தைக் கண்ட பிறகு அழுத்தினால் சரிவராது; அவர் இடுப்பு திரும்புவதைப் பார்த்தே விரல் புறப்படவேண்டும். நான் திணறுவதைக் கண்டு அவரே, “எண்ணிக்கொண்டு எறியட்டா மகன்?” என்று கேட்டார். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எனக்காக எண்ணி எறிந்தார். அழுத்திய கணத்திலேயே கைக்குத் தெரிந்துவிட்டது. படம் கழுவி வரும்வரை அந்த நிச்சயத்தோடு திரிந்த நாட்களை எந்தச் செலவுக்கும் ஈடாகச் சொல்வேன். இன்றைக்குச் சொடுக்கிய உடனே திரையில் பார்க்கிறோம். வசதிதான். ஆனால் அந்தத் திரிதல் இல்லை.

படத்துக்கு அகப்படாதவையும் இருக்கின்றன. பூரண நிலவில் கல்லடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் ஒலியை ‘பாடும் மீன்’ என்கிறோம். 1950களில் அருட்தந்தை லாங் அதை நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவு செய்தார். என் கமராவுக்கு அங்கே வேலை இல்லை. வைகாசியில் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, சடங்கு நடந்து, திருக்குளிர்த்தி பாடும் இரவிலும் கமராவை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவேன். யாரும் சொல்லித் தடுக்கவில்லை. கும்பிடப் போகிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எல்லாம் வேறு.

கடல் வந்து போனது சில நிமிடம். ஆரையம்பதிக் கரையோரமும் அடிபட்டது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நாவலடி ஏறக்குறைய முழுதாகவே போயிற்று. சனங்கள் முகாம்களுக்கு வந்தார்கள். முதல் கிழமைகளில் தண்ணீர், உடுப்பு, பிள்ளைகளைத் தேடுவது. பிறகுதான் மெல்ல மெல்ல ஆட்கள் என் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் வாசலில் நின்று ஒரே விசயத்தைத்தான் கேட்டார்கள். “உங்களிட்ட எங்கட புள்ளையிட படம் இருக்குமா சேர்?”

வீட்டோடு அல்பமும் போயிருந்தது. கல்யாணப் படம், சாமத்தியப் படம், பள்ளிக்கூடப் படம், சுவரில் மாட்டிய அப்பாவின் படம் எல்லாம். முகம் ஒன்றுகூட மிஞ்சாத வீடுகள் இருந்தன. நெகடிவ்களை நான் பிஸ்கட் ரின்களில் வைத்திருந்தேன். எங்கள் உப்புக் காற்றிலும் மாரி ஈரத்திலும் பூஞ்சணம் பிடிக்கும் என்று மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் போட்டு வைப்பது வழக்கம். அந்த ரின்களைத் திறந்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு துண்டாகப் பார்த்தோம். நெகடிவில் முகம் தலைகீழ் நிறத்தில் இருக்கும். வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாக. ஒரு தாய் அதிலேயே கண்டுபிடித்தா. “இது அவள்தான். இது அவள்ர நிலை” என்றா. நிற்கிற விதத்தை வைத்து.

அவர்கள் தேடி வந்த முகங்கள் என் நல்ல படங்களில் இல்லை. வலை விரிந்த படத்தில் யாரும் இல்லை. பொன்வாவியில் யாரும் இல்லை. கொக்கை மறைத்துக்கொண்டு லென்ஸுக்குள் தலையை நீட்டிய கூட்டத்தில்தான் இருந்தார்கள். ஓரத்தில் பாதி முகம், பின்னால் குவியம் தவறிய முகம், யாரோ ஒருவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த முகம். நகரத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் இரவு பகலாக இருந்து அந்தப் பாதி முகங்களைப் பெருப்பித்துத் தந்தார். பல பேரிடம் காசு வாங்கவில்லை. அந்த மனிதருக்கு இந்தக் கரை நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

இப்போது பழைய நெகடிவ்களைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆமை வேக வேலை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்துப் புத்தகம், பத்திரிகைகளோடு படங்களையும் சேர்த்து வைக்கிறது. நல்ல காரியம். ஊர்களில் ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடும்போது அவற்றின் நெகடிவ் பெட்டிகள் குப்பைக்குப் போகாமல் யாராவது மறிக்கவேண்டும். மறித்தால் மட்டும் போதாது. முகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த கிழவர்கள் இருக்கும்போதே பெயரை எழுதவேண்டும். பெயரில்லாத படம் அரைப் படம்.

யுத்தம் முடிந்த பிறகு வெளியூர் ஆட்கள் நிறைய வருகிறார்கள். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலில் கடல்கோளால் சரிந்து நிற்கும் கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்காமல் யாரும் போவதில்லை. எடுக்கட்டும். பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கதைத்துவிட்டு எடுத்தால் இன்னும் நல்லது.

மண்முனைப் பாலம் 2014இல் ஜப்பானிய உதவியோடு திறந்தது. பாதை நின்றது. அதற்காக நான் வருத்தப்படுவதில்லை. நோயாளியை ஏற்றிக்கொண்டு துறையில் காத்து நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன். பின்னேரங்களில் பாலத்தில் சனம் கூடும். ஒருநாள் படுவான்கரைப் பிள்ளைகள் மூன்று பேர், மேல்வகுப்பில் படிக்கிறவர்களாக இருக்கும், கைத்தொலைபேசியை நீட்டித் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டு நின்றார்கள். கை நீளம் போதவில்லை. என் தோளில் கமராவைக் கண்டதும் ஒருத்தி ஓடிவந்தாள்.

“சேர், எங்கட போன்ல ஒண்டு எடுத்துத் தாங்களன்.”

சூரியன் அவர்களுக்குப் பின்னால் நின்றது. முகம் கறுத்துப் போகும், இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள் என்றேன். அப்படி நின்றால் வாவி தெரியாதே என்றாள். திரையில் அவர்களின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டினேன். வாவி வெளுத்தது, முகங்கள் வந்தன. போனை வாங்கிப் பார்த்தாள். மூன்று தலையும் அதற்குள் குனிந்தன.

“இஞ்ச பாருங்க, பின்னால அந்த மாமாவும் வந்திட்டார்.”

“அவர் நிக்கட்டும்” என்றேன். “எந்த ஊர் அவர், தெரியுமா?”

“ஓம் சேர், நம்மட அம்பிளாந்துறைதான். நான் அவருக்கு அனுப்பிவிடுவன்.”